நாலு மெடிக்கல், நாலு கம்ப்யூட்டர், நடுவுல சர்வர் இல்ல: பியர் டு பியர் ஆப்ஜெக்டுக்கு எதை எடுக்கறது?

சித்தப்பாவுக்கு நாலு மெடிக்கல் ஷாப். திருவல்லிக்கேணி, பெரம்பூர், அம்பத்தூர், வேளச்சேரி. நாலுலயும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், தனித்தனி பில்லிங். ஒரு கடைல மருந்து இல்லன்னா கவுண்டர்ல இருக்கற பையன் போனை எடுத்து மத்த மூணு கடைக்கும் வரிசையா அடிப்பான், "அண்ணா இன்சுலின் பேனா இருக்கா, ஃப்ரிட்ஜ்ல பாத்து சொல்லுங்க"ன்னு, அந்தப் பக்கம் கூட்டமா இருந்தா எடுக்க மாட்டாங்க, கஸ்டமர் அதுக்குள்ள பக்கத்துத் தெருவுல வாங்கிட்டுப் போய்டுவார். "கம்ப்யூட்டர் படிச்சவன்தானடா நீ, இதுக்கு ஒரு வழி பண்ணு"ன்னு சித்தப்பா சொன்னாரு. எனக்கும் கூட வேலை பாக்கற ஃப்ரெண்டுக்கும் ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்னு தோணிச்சு. எவ்ளோ நாள் ஆச்சுன்னு கேக்காதீங்க.

நடுவுல ஒரு சர்வர் போட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ தலைவலின்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, பாதிப் பேருக்கு அதுதான் சரியான பதிலும் கூட. ஆனா சித்தப்பா போட்ட ஒரே கண்டிஷன், நெட் போனாலும் பில் நிக்கக் கூடாது. அப்போ ஸ்டாக் அந்தந்தக் கடை மெஷின்லயே இருக்கணும். வேளச்சேரி ஸ்டாக்குங்கற ஆப்ஜெக்ட் (டேட்டாவும் அதுமேல செய்யற வேலையும் சேந்த ஒரு ப்ரோகிராம் பொட்டலம்) வேளச்சேரில உயிரோட இருக்கும், பெரம்பூர்க்காரன் அதுமேல ஒரு மெத்தட் கூப்பிடுவான், அதாவது அந்த வேலைல ஒண்ணைச் செய்யச் சொல்லுவான், அடுத்த நிமிஷம் வேளச்சேரிக்காரன் பெரம்பூர் ஆப்ஜெக்ட்டைக் கூப்பிடுவான். யாரும் நிரந்தரமா சர்வர் கிடையாது, யாரும் நிரந்தரமா க்ளையண்ட்டும் கிடையாது, பியர் டு பியர்னா இதுதான். இதைச் செய்ய எந்த லாங்குவேஜ், எந்த லைப்ரரின்னு நாங்க அலைஞ்சு பாத்த கதைதான் இது.

முதல்ல நாங்க மார்க் போட்டதே தப்பான விஷயத்துக்கு. எதுல கம்மி லைன்ல ரிமோட் கால், அதாவது தூரத்து மெஷின்ல இருக்கற மெத்தட்டைக் கூப்பிடறது, வருதுன்னு பாத்தோம். எல்லாத்துலயும் பத்து பதினஞ்சு லைன்ல வந்துடுது சார். எதிர்ப்பக்கம் சத்தமே வரலன்னா இது என்ன பண்ணும்ங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வின்னு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது.

காலேஜ்ல படிச்ச ஞாபகம் இருந்ததால முதல்ல ஜாவா ஆர்எம்ஐ (ரிமோட் மெத்தட் இன்வொகேஷன்). 1997ல ஜேடிகே 1.1 கூட வந்தது, இன்னும் ஜாவாவுக்குள்ளயே இருக்கு, தனியா எதுவும் இறக்க வேணாம். கூட இருந்த, இதே மாதிரி வேலைக்கான கோர்பாவை ஜாவா 11ல தூக்கிட்டாங்க, ஆர்எம்ஐல ஆக்டிவேஷன்ங்கற பாகத்தை மட்டும் ஜாவா 17ல தூக்கினாங்க, மத்ததெல்லாம் அப்படியே ஓடுது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ரிமோட் மெத்தட் ஒவ்வொண்ணும் ரிமோட்எக்ஸப்ஷன், அதாவது தூரத்துக் கால் சொதப்பிடுச்சுங்கற பிழை, வரலாம்னு எழுதியே ஆகணும், கூப்பிடறவன் அதைப் பிடிக்கணும், இல்ல தனக்கும் வரலாம்னு எழுதணும், ரெண்டும் இல்லன்னா கூப்பிடறவன் கோடு கம்பைல் ஆகாது. அந்தக் காலத்துல எல்லாரும் இதைத் திட்டினாங்க. ஆனா 1994லயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜிம் வால்டோவும் கூட மூணு பேரும் சேந்து ஒரு பேப்பர் எழுதியிருந்தாங்க, பக்கத்துல இருக்கற ஆப்ஜெக்டும் தூரத்துல இருக்கற ஆப்ஜெக்டும் ஒண்ணுன்னு நடிக்கவே கூடாது, தாமதம் வேற, மெமரி வேற, பாதி செத்து பாதி உயிரோட இருக்கற நிலைமை வேற, ஒரே நேரத்துல பல பேர் கை வைக்கறது வேறன்னு. அந்த நாலு பேர்ல ஒருத்தரான ஆன் வோல்ராத்தான் அப்புறம் ஆர்எம்ஐயை டிசைன் பண்ணவங்க. அதனாலதான் அந்த எக்ஸப்ஷன் கண்ணுல குத்தற மாதிரி முன்னாடியே நிக்குது.

அப்புறம் ஏன் விட்டோம்? ஒரு சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டாக்கைக் கேட்டா வேளச்சேரி மெஷின் தன்னையே கூப்பிட்டுக்கிட்டு, கனெக்‌ஷன் இல்லன்னு அழுதது. ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். எந்த ஆப்ஜெக்ட் எங்கன்னு சொல்ற ரெஜிஸ்ட்ரி 1099 போர்ட்ல ஒழுங்காதான் பதில் சொல்லுது, ஆனா அது குடுக்கற ஸ்டப்புக்குள்ள (தூரத்து ஆப்ஜெக்டுக்குப் பதிலா நம்ம பக்கம் நிக்கற டம்மி) அம்பத்தூர் மெஷினோட அட்ரஸ்னு 127.0.1.1, அதாவது 'நானே'ங்கற அட்ரஸ், எழுதியிருக்கு. உபுண்டுல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மெஷின் பேருக்கு நேரா அதுதான் இருக்கும், ஜாவா அதை நம்பி எடுத்து ஸ்டப்ல வச்சு அனுப்பிடுச்சு. ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டியைக் கையால செட் பண்ணா சரியாய்டும், ஆப்ஜெக்ட் ரேண்டமா ஒரு போர்ட் எடுத்துக்கறதையும் நாமளே ஒரு நம்பர் குடுத்து நிறுத்தலாம். அதெல்லாம் ஒருநாள் வேலை. ஆனா பதில் வர வரைக்கும் எவ்ளோ நேரம் காத்திருக்கணும்ங்கறதுக்கு டீஃபால்ட்டா எல்லையே கிடையாது, இவ்ளோ ஜாக்கிரதையா எக்ஸப்ஷன் வச்சவங்க இதை ஏன் அப்படி விட்டாங்கன்னு தெரியல. சீரியலைசேஷன் (ஆப்ஜெக்டை பைட்டா மாத்தி அனுப்பறது) பயமும் இருக்கு, வெளியிலேர்ந்து வர பைட்டை நம்பி ஆப்ஜெக்ட் உருவாக்கினா அதுலயே கோடு ஓட வைக்கலாம்னு 2015ல ஊரே பாத்தது, 2017லதான் ஃபில்டர் வந்தது.

அடுத்தது ரூபி லாங்குவேஜோட டிஆர்பி. எழுதறதுக்கு இவ்ளோ சுகமா வேற எதுவும் நான் பாக்கல. மசதோஷி செகி எழுதினது, பியர் டு பியருக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் ஸ்டார்ட் சர்வீஸ்னு ஒரு லைன் போட்டா ரெண்டு பேரும் சமம். பைட்டா மாத்த முடிஞ்ச பொருள்னா காப்பியா போகும், அன்டம்ப்டுன்னு குறிச்சிட்டா ரெஃபரன்ஸா, அதாவது எங்க இருக்குங்கற முகவரியா மட்டும், போகும், ஆப்ஜெக்டே ஆளுக்கு ஆள் கை மாறற ஃபீல். ரிண்டான்னு கூடவே ஒண்ணு வரும், ஒரு போர்டுல சீட்டு ஒட்டி வைக்கற மாதிரி, ஒருத்தர் சீட்டை எடுத்துட்டா இன்னொருத்தருக்கு அது கிடைக்காது.

சுகத்துக்கு விலை இருக்கு. தூரத்துல ஒருத்தன் நம்ம ஆப்ஜெக்ட்டோட ரெஃபரன்ஸ் வச்சிருக்கான்னு யாருக்கும் வேண்டாத ஆப்ஜெக்டைப் பெருக்கற நம்ம கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. நம்ம பக்கம் வேற யாரும் பிடிச்சு வைக்கலன்னா அது பெருக்கித் தள்ளிடும், அந்தப் பக்கத்துக்காரன் அரை மணி கழிச்சு கூப்பிட்டா ரீசைக்கிள்டு ஆப்ஜெக்ட்டுன்னு எர்ரர். ஆர்எம்ஐல இதுக்கு குத்தகை மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு, டீஃபால்ட்டா 10 நிமிஷம், வச்சிருக்கறவன் புதுப்பிச்சிட்டே இருக்கணும், செத்துட்டான்னா குத்தகை முடிஞ்சு ஆப்ஜெக்ட் விடுதலை. இந்தக் குத்தகை ஐடியாவை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வருது. ரெண்டாவது, பாதுகாப்பு. சும்மா திறந்து வச்சா வரவன் நம்ம மெஷின்ல எந்த கமாண்ட் வேணா ஓட்டலாம்னு டிஆர்பி டாக்குமெண்ட்டே எச்சரிக்கை குடுக்குது. பக்கத்துல இருக்கறவனைத் தேடற ரிங் சர்வர் யூடிபி ப்ராட்காஸ்ட், 7647 போர்ட், ரௌட்டரைத் தாண்டாது. ஒரே ஆஃபீஸ்ல பத்து மெஷின்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க. பெரம்பூர்லேர்ந்து வேளச்சேரிக்கு இது தாங்காது.

பைத்தான்ல ரெண்டு. ஆர்பைக், பைரோ.

ஆர்பைக் மாயாஜாலம். எதிர் மெஷின்ல இருக்கற லிஸ்ட், டிக்‌ஷனரி, க்ளாஸ் எதுவா இருந்தாலும் நம்ம மெஷின்ல இருக்கற மாதிரியே தொடலாம். தொடற ஒவ்வொரு தடவையும் ஒரு நெட்வொர்க் பயணம், அங்கதான் சிக்கல். கடைக்கு சுமார் 3000 அயிட்டம், ஒவ்வொண்ணுலயும் பேர், பேட்ச், எக்ஸ்பைரி மூணு தொட்டா 9000 பயணம், ஒரு பயணத்துக்கு 25 மில்லிசெகண்ட் வச்சாலும் 225 செகண்ட். ஒரு ஃபார் லூப்! கோடைப் பாத்தா அப்பாவியா மூணு லைன். இன்னொண்ணும் இருக்கு, பதிலுக்குக் காத்துட்டு இருக்கற நேரத்துல அது எதிர்ப்பக்கத்து ரிக்வெஸ்ட்டையும் எடுத்து கவனிக்கும், அதனால நீங்க ஸ்டாக்கைக் குறைக்கற மெத்தட்ல பாதில நிக்கும்போதே வேற ஒருத்தன் உள்ள வந்து அதே ஸ்டாக்கைப் பாத்துட்டுப் போவான். 30 செகண்ட்ல டைம்அவுட் டீஃபால்ட்டா இருக்கு, அது ஒண்ணு இதுல நல்லது.

பைரோ கொஞ்சம் கறார் பேர்வழி. இர்மென் டி யோங் எழுதினது, நாங்க எடுத்தது பைரோ5. எக்ஸ்போஸ்னு குறிக்காத மெத்தட்டை வெளியிலேர்ந்து தொட முடியாது. கோடையும் ஓட வைக்கக்கூடிய பிக்கிள்ங்கற சீரியலைசரை இந்த வெர்ஷன்ல தூக்கியே போட்டுட்டாங்க, டீஃபால்ட்டா செர்பென்ட்ங்கற சீரியலைசர்தான், வெறும் டேட்டா போகும், கோடு போகாது. ஒரு ப்ராக்ஸியை (ஆர்எம்ஐல ஸ்டப் மாதிரி) ரெண்டு த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள்ள தனித்தனியா ஓடற வேலை) பகிர்ந்துக்க விடாது, ஓனர்ஷிப் மாத்திட்டுதான் தொடணும். ஆரம்பத்துல கடுப்பா இருந்துச்சு, இப்ப அந்தக் கறார்தான் பிடிச்சிருக்கு. ஆனா செர்பென்ட் ஒரு நாள் வேலை காட்டுச்சு பாருங்க, அது டெசிமல் நம்பரை ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்தா, மாத்தி அனுப்பும், துல்லியம் போகாம இருக்க. நாங்க அதைப் படிக்கல. பக்கத்துக் கடை விலை 112.50 ஸ்ட்ரிங்கா வந்துச்சு, கஸ்டமர் ரெண்டு ஸ்ட்ரிப் கேட்டாரு, பைத்தான்ல ஸ்ட்ரிங்கை ரெண்டால பெருக்கினா ஒட்டிக் குடுக்கும், ஸ்க்ரீன்ல தொகை 112.50112.50. பையன் கூப்பிட்டு, "அண்ணா, ரெண்டு புள்ளி வருது, எந்தப் புள்ளியைப் பாத்து காசு வாங்கறது?"ன்னு கேட்டான்.

பைரோலதான் 2023 நவம்பர்ல நாலு கடையிலயும் ஓட ஆரம்பிச்சோம். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்துச்சு. வேளச்சேரி எப்படி இருந்துச்சுன்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம், கடை ஷட்டர் போட்டாச்சு, கரண்ட் இல்ல, யூபிஎஸ் தீந்து மெஷின் அணைஞ்சுது. அதுவரைக்கும் சரி. மூடின கடையால திறந்திருக்கற திருவல்லிக்கேணில பில்லிங் ஸ்க்ரீன் ஏன் உறைஞ்சு நிக்கணும்? மருந்துக்கு ஆளுங்க தண்ணில நனைஞ்சு வந்து வரிசைல நிக்கறாங்க, பசங்க பேப்பர்ல பில் எழுதறாங்க, சித்தப்பா போன்ல என்னை... அதை விடுங்க.

நடந்தது இதுதான். எதிர் மெஷின் உயிரோட இருந்து நம்ம ப்ரோகிராம் மட்டும் செத்திருந்தா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு உடனே பதில் வந்துடும், பிரச்சனையே இல்ல. மெஷினே இல்லன்னா மறுக்கக் கூட ஆள் கிடையாது. லினக்ஸ் திரும்பத் திரும்ப தட்டிப் பாத்துட்டு, டீஃபால்ட்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல கழிச்சுதான் கை விடும். ஏற்கனவே திறந்திருந்த கனெக்‌ஷன்ல நடுவுல அனுப்பினதுன்னா சுமார் 15 நிமிஷம். அவன் வாங்கிக்கிட்டேன்னு ஒப்புக்கிட்டு, பதில் சொல்றதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா, உயிரோட இருக்கியான்னு அப்பப்ப தட்டிப் பாக்கற கீப்அலைவ் இல்லாத பட்சத்துல எப்பவுமே முடியாது. பைரோவோட கம்யூனிகேஷன் டைம்அவுட் டீஃபால்ட் ஜீரோ, ஜீரோன்னா எவ்ளோ நேரமும் காத்திருன்னு அர்த்தம். எங்க ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ் மூணு கடையையும் வரிசையா, பில் போடற அதே த்ரெட்லயே கேட்டுச்சு. தப்பு நூத்துக்கு நூறு எங்களுது.

அந்த வாரம்தான் ஆக்டர் பக்கம் போய்டலாமான்னு யோசிச்சோம். ஜாவா, ஸ்காலா ஆளுங்களுக்கு அக்காங்கற (Akka) ஆக்டர் லைப்ரரி தெரிஞ்சிருக்கும், 2022 செப்டம்பர்ல லைசென்ஸ் மாத்தினாங்க, அதுலேர்ந்து பிரிஞ்சு அப்பாச்சில பெக்கோன்னு வந்துச்சு. டிசைன் அழகு. ஆப்ஜெக்ட்டோட மெத்தட்டைக் கூப்பிடறதில்ல, அதோட மெயில்பாக்ஸ்ல செய்தி போடறது. போட்டுட்டு நம்ம வேலையைப் பாக்கலாம். பதில் வேணும்னா ஆஸ்க், அதுக்கு டைம்அவுட் குடுத்தே ஆகணும், குடுக்காம எழுதவே முடியாது. நான் மேல சொன்ன கேள்விக்கு நேரா பதில் சொல்ற ஒரே ஆளு இதுதான். செய்தி அதிகபட்சம் ஒரு தடவை போகும், போகாமலும் போகலாம்னு வெளிப்படையாவும் சொல்லிடுது.

ஆனா க்ளஸ்டர் (எல்லா மெஷினையும் ஒரே கூட்டமா சேக்கறது) போட்டா மாட்டிக்குவோம். நாலு நோடு, அதாவது நாலு மெஷின், ரெண்டு ரெண்டா பிரிஞ்சிடுச்சுன்னு வைங்க, ரெண்டு பக்கமும் நான்தான் நிஜம்னு சொல்லக் கூடாதுன்னு ஸ்ப்ளிட் ப்ரெய்ன் ரிசால்வர் ஒரு பக்கத்தை மூடும். மெஜாரிட்டி ரூல்ல ரெண்டு ரெண்டா சமமா நின்னா எந்தப் பக்கம் சின்ன அட்ரஸ் இருக்கோ அது பிழைக்கும், மத்தது தன்னைத் தானே நிறுத்திக்கும். பேங்குக்கு இது சரி. எங்களுக்கு? நெட் போனா பில் நிக்கக் கூடாதுங்கறதுக்காகவே ஆரம்பிச்ச விஷயம், நெட் போன கடை தானா சாத்திக்கும்! பெக்கோ மேல தப்பில்ல, எல்லாரும் ஒரே நிலைமைல ஒத்துப் போகணும்னு கேக்கறவங்களுக்காகப் பண்ணது. எங்க நாலு கடைக்கு ஒத்துப் போகணும்ங்கற அவசியமே இல்ல, ஒவ்வொருத்தன் ஸ்டாக்குக்கும் அவனவன்தான் ராஜா.

லிப்பிடுபிங்கற நெட்வொர்க் லைப்ரரியையும் ஒரு ஞாயித்துக்கிழமை பாத்தோம். ஐபிஎஃப்எஸ்ங்கற பியர் டு பியர் ஃபைல் நெட்வொர்க்லேர்ந்து வளந்தது, பியர் ஐடி பப்ளிக் கீலேர்ந்தே வருது, முகவரி மாறினாலும் ஆள் மாற மாட்டான். 2002ல வந்த காடெம்லியா முறைல, யாரையும் நடுவுல வைக்காம ஆயிரக்கணக்கான நோடுக்குள்ள ஆளைத் தேடலாம். எங்களுக்கு நாலு ஆளு, சித்தப்பாவுக்கு மனப்பாடம். அதோட அது குடுக்கறது பைப்பு மட்டும்தான், ஆப்ஜெக்ட், மெத்தட், ப்ராக்ஸி எல்லாம் நாமதான் மேல கட்டணும், கோ, ரஸ்ட் லாங்குவேஜ்ல இருக்கற பக்குவம் பைத்தான் பக்கம் இல்ல. ஒரு விஷயத்துல மட்டும் பொறாமையா இருந்துச்சு, நேட் தாண்டறது அதுக்குள்ளயே இருக்கு.

நேட், அதாவது பல மெஷினை ஒரே ஐபிக்குப் பின்னாடி வைக்கற ஏற்பாடு, பத்தி சொல்லியே ஆகணும், மேல சொன்ன ஆர்எம்ஐ, டிஆர்பி, பைரோ எதுவும் இதைத் தானா தாண்டித் தராது. பல ப்ராட்பேண்ட்ல இப்ப நமக்குன்னு தனி பப்ளிக் ஐபி கிடையாது, நூத்துக்கணக்கான வீடு ஒரு ஐபிக்குப் பின்னாடி. ரௌட்டர்ல வேன் ஐபின்னு 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஏதாவது தெரிஞ்சா நீங்க அந்தக் கூட்டத்துல ஒருத்தர், 2012ல இதுக்குன்னே ஒதுக்கின ரேஞ்ச். அங்க இருந்துக்கிட்டு போர்ட் ஃபார்வர்ட் பண்றேன்னு உக்காந்தா விடிஞ்சிடும், நான் உக்காந்தேன். கடைசில வயர்கார்டு அடிப்படைல ஓடற மெஷ் விபிஎன் (மெஷின்களை ஒண்ணோட ஒண்ணு தனி வழில இணைக்கறது) ஒண்ணு போட்டோம், டெய்ல்ஸ்கேல். ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்க மட்டும் அவங்க சர்வர் வேணும், அப்புறம் முடிஞ்ச வரைக்கும் நேருக்கு நேர். சர்வரே இல்லன்னு தலைப்புல பெருமையா போட்டிருக்கேன், சின்னப் பொய், மன்னிச்சுக்கோங்க.

ஆக, முடிவு பைரோதான், ஆனா முதல்ல எழுதின மாதிரி இல்ல. எந்த ஆப்ஜெக்ட் எங்கன்னு சொல்ற பைரோவோட நேம் சர்வரைத் தூக்கியாச்சு, அதுக்குப் பதிலா நாலு அட்ரஸ் ஒரு ஃபைல்ல. மூணு செகண்ட் டைம்அவுட். ரிமோட் கால் எதுவும் பில் போடற த்ரெட்ல கிடையாது. ஒவ்வொரு கடையும் தன் ஸ்டாக் லிஸ்ட்டை மொத்தமா ஒரே கால்ல மத்தவங்களுக்குத் தள்ளிவிடும், அது ஒன்வே, போய்ச் சேந்துச்சான்னு பாக்கறதில்ல, அடுத்தது வந்துடும்ல. ஸ்க்ரீன்ல மத்த கடை ஸ்டாக் பக்கத்துல எத்தனை மணிக்குப் பாத்ததுன்னு சின்னதா ஒரு நேரம் இருக்கும். நிஜமா கேட்டே ஆக வேண்டியது ரிசர்வ், கன்ஃபர்ம், கேன்சல் மூணே மெத்தட்.

டைம்அவுட் போட்டதும் புதுசா ஒண்ணு முளைச்சுது. பெரம்பூர் பையன் வேளச்சேரில ஒரு இன்சுலின் பேனாவை ரிசர்வ் பண்றான், மூணு செகண்ட்ல பதில் வரல, மறுபடி அழுத்தறான், இந்தத் தடவை ஓகே. வேளச்சேரில பாத்தா ரெண்டு பேனா ஒதுங்கிக் கிடக்கு. முதல் கால் போய்ச் சேந்திருக்கு, பதில்தான் வழில தொலைஞ்சிருக்கு. அன்னைக்கு ஸ்டாக்கே ரெண்டுதான், கடைக்கு நேரா வந்த கஸ்டமரை இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, பொருள் ஃப்ரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரில ஜில்லுன்னு உக்காந்திருக்கு. இப்ப கேக்கறவனே ஒரு ஐடி போட்டு அனுப்பறான், அதே ஐடி ரெண்டாவது தடவை வந்தா புதுசா ஒதுக்காம பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். ரிசர்வுக்கு 45 நிமிஷம் ஆயுசு, பைக்ல பையன் வந்து எடுக்கலன்னா தானா ஸ்டாக்குக்குத் திரும்பிடும், ஆர்எம்ஐ குத்தகைலேர்ந்து நைசா சுட்டது.

ரிசர்வோட பதிலும் ஆமா, இல்லன்னு ரெண்டு கிடையாது, மூணு. மூணாவது "தெரியல". மஞ்சள் கலர்ல வரும், பக்கத்துலயே அந்தக் கடை போன் நம்பர் பெருசா. சித்தப்பா பாத்துட்டு, "இவ்ளோ பண்ணிட்டு கடைசில போன் நம்பரையாடா போட்ட?"ன்னாரு. ஆமா சித்தப்பா.

உங்களுக்கு ஒரே பில்டிங்குன்னா டிஆர்பி. ஜாவா டீம், முப்பது நாப்பது நோடு, எல்லாரும் ஒரே நிலைமைல ஒத்துப் போயே ஆகணும்னா பெக்கோ, அதைப் படிக்க ஒதுக்கற நேரம் வீண் போகாது. முன்பின் தெரியாத ஆளுங்க மெஷினும் சேரணும்னா லிப்பிடுபி. ஆர்பைக்கை இன்னொரு மெஷினை எட்டிப் பாத்து டெஸ்ட் பண்றதுக்கு நான் இன்னும் வச்சிருக்கேன், கடைக்குள்ள விடறதில்ல. எங்களுக்கு அடுத்த தலைவலி வேற, சித்தப்பா தாம்பரத்துல அஞ்சாவது கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாரு, அங்க புது வெர்ஷன் போட்டா மத்த நாலுல இருக்கற பழைய ரிசர்வ் மெத்தட் அதைப் புரிஞ்சுக்குமான்னு இன்னைக்கு ராத்திரி கடை மூடினதும் திருவல்லிக்கேணில உக்காந்து பாக்கணும்.